தாடை இறுகும்போது

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் காலை பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். அடுத்த பத்து நிமிடம் படிக்க மட்டும்தான் அனுமதி. அதற்கடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பைச் சரிபார்க்க. பத்தேகாலுக்குத்தான் எழுத ஆரம்பிக்கலாம். தாள்களைக் கொடுத்து முடித்த பிறகு அறைக் கண்காணிப்பாளருக்கு அந்த நேரத்தில் பெரிய வேலை இருக்காது. நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகத்தைப் பார்த்துப் பயனில்லை, பதினேழு வயதுக்குள் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். கையையும் காலையும் பார்ப்பேன். ஒரு பையன் உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே இருப்பான். ஒரு பெண் தொண்டையைச் செருமுவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடியும் செருமுவாள். இன்னொருத்தியின் கால் பெஞ்சுக்கடியில் ஆடிக்கொண்டிருக்கும். மூன்றாவது வரிசையில் ஒருவன் வாய் கொள்ளாமல் கொட்டாவி விடுவான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவனைக் காட்டி, “ராத்திரி பூரா செல்போன் பார்த்திருப்பான்” என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பதற்றம் ஏறும்போதும் கொட்டாவி வரும். ஓட்டப் பந்தயக் கோட்டில் நிற்பவர்களையும் மேடையேறப் போகிறவர்களையும் கவனித்திருந்தால் தெரியும்.

இந்தப் பிள்ளைகளில் யாரையாவது கூப்பிட்டு “பயமா இருக்கா?” என்று கேட்டால் “இல்ல மிஸ்” என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. உடம்பு உணர்ந்துவிட்டது, மனசுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளைகளுக்கு இந்தத் தாமதம் சில நிமிடங்கள். பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. சிலருக்கு இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுக்கும் நாள்வரை வந்து சேர்வதே இல்லை.

எனக்கு முதலில் இறுகுவது தாடை. பல் மருத்துவர் சொல்லித்தான் அது தெரிந்தது. கடைவாய்ப் பல் கூசுகிறது, சொத்தையாக இருக்கும் என்று போயிருந்தேன். அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, “பாருங்க டீச்சர், பல்லு மேல மேடும் பள்ளமுமா இருக்கணும். உங்களுக்கு உரசி உரசி மட்டமாயிருக்கு. ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?” என்றார். இல்லையே என்றேன். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், “அரையாண்டுப் பரீட்சையில ஆரம்பிச்சு ரிசல்ட் வர்ற வரைக்கும் நறநறன்னு சத்தம் கேட்கும் டாக்டர்” என்றார். இத்தனை வருடமாக என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். “சொன்னா அதையே நினைச்சுக்கிட்டு நீ தூங்க மாட்டே” என்றார்.

சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. உதடு மூடியிருக்கும், பற்களுக்கு நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தாடை ஓய்வாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன்பிறகு பகலிலும் கவனிக்கத் தொடங்கினேன். விடைத்தாள் திருத்தும்போது, வருகைப் பதிவு இணையத்தில் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலோடு ஆய்வுக் கூட்டத்துக்குப் பேருந்தில் போகும்போது, பல்லோடு பல் ஒட்டிக்கிடந்தது. மனதில் கோபமோ பயமோ எழுந்ததாகவே அப்போது நினைவில்லை. ஏதோ யோசனையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பதினோராம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலம் நடத்தும்போது பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபக்கம் பரிவு நரம்புகள், மறுபக்கம் எதிர்ப்பரிவு நரம்புகள் என்று எழுதிப் போடுவோம். கண்பாவை விரியும், சுருங்கும். இதயத்துடிப்பு கூடும், குறையும். உமிழ்நீர் வற்றும், ஊறும். இரைப்பையின் அசைவு அடங்கும், தொடரும். பிள்ளைகள் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். தேர்வன்று காலையில் இட்லி தொண்டைக்குக் கீழே இறங்காமல் தவிக்கும்போது, பட்டியலின் நான்காவது வரி தன் வயிற்றிலேயே நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருத்திக்கும் தோன்றுவதில்லை. படிப்பு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

அந்த நான்காவது வரி தெரியவந்த கதையை வகுப்பில் தவறாமல் சொல்வேன். வால்டர் கேனன் அப்போது ஹார்வர்டில் மருத்துவ மாணவர். ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 இறுதியில். ஓரிரு ஆண்டுக்குள் கேனன் அதை வைத்து, பூனைக்கு உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, இரைப்பை அலையலையாக அசைவதைத் திரையில் பார்த்தார். சில சமயம் அந்த அசைவு சட்டென்று நின்றுபோயிற்று. கருவியில் கோளாறு ஏதும் இல்லை. பூனை பதறியிருந்தது. அடியோ வலியோ வேண்டியிருக்கவில்லை, சின்னக் கலக்கமே போதுமாக இருந்தது. ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக வந்த அந்த விஷயத்தையே அவர் பிற்காலத்தில் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்ற விளக்கம் 1915இல் அவர் எழுதிய நூலில் வருகிறது. ஓட வேண்டிய நேரத்தில் செரிமானத்துக்கு அவசரமில்லை, இரத்தம் கைகால் தசைகளுக்குப் போகட்டும் என்பது உடம்பின் கணக்கு. வினாத்தாளோடு சண்டை போடவும் முடியாது, அதைவிட்டு ஓடவும் முடியாது. ஆனாலும் உடம்பு செய்யும் ஏற்பாடு அதேதான்.

இன்னொரு விஷயம் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு எழுபது சொச்சம் தடவை துடிக்கிறது. நரம்புகளின் பிடி ஏதுமில்லாமல் அதன் போக்கில் விட்டால் ஏறக்குறைய நூறு தடவை துடிக்கும். பத்தாவது மூளை நரம்பான வேகஸ் இரவும் பகலும் அழுத்திப் பிடித்திருப்பதால்தான் எழுபதில் நிற்கிறது. இறக்கத்தில் வண்டியை நிறுத்திப் பிரேக்கில் கால் வைத்திருப்பது போல. பதற்றத்தின் தொடக்கத்தில் யாரும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதில்லை, பிரேக்கில் இருந்த கால் கொஞ்சம் தளர்கிறது. ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையிலேயே இது நடந்துவிடும். அட்ரினலின் வேலையைக் காட்ட இன்னும் சில விநாடிகள் ஆகும். கார்ட்டிசால் நிதானமானது. இரத்தத்தில் உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும், வடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். தலைமையாசிரியர் அறையில் திட்டு வாங்கி வந்தவர் ஆசிரியர் அறையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். அரைமணி கழித்து, நோட்டு கொண்டுவராத ஒரு பையன்மேல் எரிந்து விழுவார். ஏன் இவ்வளவு திட்டு என்று பையனுக்கும் புரியாது, அவருக்கும் புரியாது.

முதல் அறிகுறியைப் பிடிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இந்த வரிசைதான். பிரேக்கில் இருந்த கால் தளர்ந்த நேரத்திலேயே கவனித்துவிட்டால் நீளமாக இரண்டு மூச்சு விட்டாலே போதும். அட்ரினலின் வேலையைத் தொடங்கிவிட்டால் எழுந்து நடக்க வேண்டும், முகம் கழுவ வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். வாரக்கணக்கில் உடம்பு அதே முறுக்கில் நின்றுவிட்டால் நாலு நாள் லீவு போட்டு ஊட்டிக்குப் போய்வந்தாலும் தீராது.

முறுக்கில் நின்றுவிடுவது என்றால் என்ன என்பதை ஹான்ஸ் செல்யே காட்டினார். மான்ட்ரியலில் வேலை செய்துகொண்டிருந்தவர். 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறிய கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி வேலை வாங்கினாலும் உள்ளே ஒரே மாதிரிதான் நடக்கிறது: அட்ரினல் சுரப்பி பெருக்கிறது, தைமஸ் சுருங்குகிறது, இரைப்பையில் புண் வருகிறது. இதை அவர் மூன்று கட்டமாகப் பார்த்தார். முதலில் எச்சரிக்கை, பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல். நடுக்கட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அப்போது எலி தேறிவிட்டது போலவே இருக்கும். மனிதரும் அப்படித்தான். “எவ்வளவு வேலை கொடுத்தாலும் அந்த டீச்சர் முகம் சுளிக்க மாட்டாங்க” என்ற நல்ல பெயர் கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான். மாமியாருக்கு முடியாமல் போனது, பிள்ளைக்கு நீட் பயிற்சி, தனக்குச் சிறப்பு வகுப்பு, எல்லாவற்றையும் ஒருத்தி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதை ஊரே மெச்சும். மெச்ச மெச்ச அவளும் உடம்பைக் கேட்பதை விட்டுவிடுவாள். முதல் வாரத்தில் படபடத்த நெஞ்சு மூன்றாவது மாதம் படபடக்காது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். உண்மையில் பழகிவிட்டது.

என் அம்மாவுக்கு நரம்பு மண்டலம் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மாவின் நரம்பு மண்டலம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுக்களை மேடையில் டம்ளர் வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனத்துக் கேட்டால், அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் கிளம்பிவிடுவார். நாங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவோம். “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டால், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பாள். அவளும் அதை நம்பித்தான் சொன்னாள்.

ஆளுக்கொரு இடத்தில் இது தலைகாட்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குக் குரல் ஏறும். இன்னொருவர் எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் “சரி சரி சரி” என்பார். ஒருவர் பீரோவை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவார், பார்க்கிறவர்களுக்குச் சுறுசுறுப்பாகத் தெரியும். சிலருக்கு இனிப்பு தேடும், சிலருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூக்கம் வராது. கை குளிர்ந்துபோவது, தோள் காதுப் பக்கம் ஏறிக்கிடப்பது, செல்போன் படிக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வது, நன்றாகத் தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து வெளியே வராமல் நிற்பது. இவை எல்லாமே ஒருவருக்கு வராது. ஆனால் ஒருவருக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் வருகிறது. எனக்குத் தாடை, பிறகு தோள், பிறகு பேச்சில் எரிச்சல், கடைசியில் தூக்கம். தோள்வரை வந்தால் பிடித்துவிடுகிறேன். எரிச்சலுக்கு வந்துவிட்டால் அதற்குள் யாராவது ஒருவர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

பிடித்த பிறகு என்ன செய்வது? இதயத்தை மெதுவாகத் துடி என்று சொல்லி அடக்க முடியாது. இரைப்பையையும் அசைக்க முடியாது. இந்தத் தானியங்கு வேலைகளில் நாம் வேண்டும்போது கைவைக்க இடம் கொடுப்பது மூச்சு ஒன்றுதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், வெளியே விடும்போது மெதுவாகும். நாடியில் விரல் வைத்து யாரும் சோதித்துப் பார்க்கலாம், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அப்படியானால் விடும் மூச்சை நீட்டினால் வேகஸுக்கு வேலை செய்யக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்குச் சொன்ன அளவு இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. நிறுத்துகிற 64ஐ ஆசான் இல்லாமல் முயல வேண்டாம், ஆஸ்துமாவும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் நிச்சயமாக வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது 16க்கு 32 என்ற கணக்கை மட்டும்: இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுவது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கத்தோலிக்க ஜெபமாலையை லத்தீனில் சொல்லும்போதும், ஓம் மணி பத்மே ஹூம் என்று சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைகிறது, இதயத்தின் தாளமும் இரத்த அழுத்தத்தின் தாளமும் ஒன்றோடொன்று இசைகின்றன என்று கண்டார்கள். எங்கள் தெருவில் அந்தியில் விளக்கேற்றிவிட்டு சகஸ்ரநாமம் சொல்லும் பாட்டியும், மாதாகோயிலில் ஜெபமாலை உருட்டும் அக்காவும் பக்தியோடு சேர்த்து மூச்சையும் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பெருமூச்சு விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். இதில் மட்டும் நான் அவர்கள் பக்கம் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மூக்கால் இரண்டு தடவை தொடர்ந்து இழுத்து, வாயால் நீளமாக விடும் பெருமூச்சை ஒரு மாதம் நாளுக்கு ஐந்து நிமிடம் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாகத் தேறியிருந்தது. நான் வகுப்புக் கதவுக்கு வெளியே நின்று செய்வது இதைவிடச் சுருக்கம். பல்லைப் பிரிக்கிறேன், நாக்கைத் தளர்த்துகிறேன், உதட்டைக் குவித்து மெல்ல ஊதுகிறேன். நாலைந்து தடவை. பார்க்கிறவர்களுக்குச் சாக்பீஸ் தூசியை ஊதுவது போலிருக்கும். குளிர்ந்த நீரில் முகம் கழுவுவதும் வெறும் பழக்கமில்லை. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் தண்ணீர் படும்போது, நீரில் மூழ்கும் உயிர்களுக்கு உள்ளது போன்ற ஓர் அனிச்சைச் செயலால் இதயம் மெதுவாகிறது. சண்டை போட்டுவிட்டு வந்த பையனிடம் “போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா” என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சொல்வது மிகச் சரியான வைத்தியம்.

இன்னொருவரின் நிதானமும் ஒட்டிக்கொள்ளும். தேர்வறையில் அந்தப் பத்து நிமிடத்தில் நான் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன், செருப்புச் சத்தம் கேட்காமல். விறுவிறுவென்று நடந்து “நேரத்தை வேஸ்ட் பண்ணாதீங்க” என்று அதட்டும் கண்காணிப்பாளர் உள்ள அறையில் பிள்ளைகளின் தோள் ஏறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லும்போது இரண்டு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். உடம்பைக் கேட்பது வேறு, உடம்பைக் காவல் காப்பது வேறு. நிமிடத்துக்கொரு தடவை கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து, 88 ஆகிவிட்டதே என்று பதறினால் அது 96 ஆகும். அடுப்பில் பாலை வைத்தவள் பார்ப்பது போல எட்டிப் பார்த்தால் போதும். இரண்டாவது, மூச்சுப் பயிற்சியால் காலிப் பணியிடம் நிரம்பாது. இரட்டை ஷிஃப்ட் பார்க்கும் செவிலியரிடமும், இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்யும் ஆசிரியரிடமும் “டென்ஷன் ஆகாதீங்க, யோகா பண்ணுங்க” என்று ஒரு நாள் பயிலரங்கம் நடத்திவிட்டுப் போவது நியாயமே இல்லை. தாடை தினமும் ஒரே நேரத்தில், ஒரே வேலையில் இறுகினால் கோளாறு தாடையில் இல்லை. அந்த வேலையைக் குறைக்க வேண்டும், பிரித்துக் கொடுக்க வேண்டும், முடியாது என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அறிகுறியைக் கவனிப்பதன் முழுப் பயனும் அப்போதுதான் கிடைக்கும்.

இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் அது மூச்சுக்கு அடங்கும் விஷயமில்லை. மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எங்கள் வகுப்பறைச் சுவரில் கால அட்டவணைக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உடம்பு இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நமக்கு ஏன் கேட்பதில்லை என்று நெடுநாளாக யோசித்துப் பார்க்கிறேன். கைக்குழந்தைக்குக் கேட்கிறது. பசித்தால் அழும், நிறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஐந்து வயதில் அதைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். “மிஸ், யூரின் வருது” என்று எழுந்து நிற்கிறது. “பெல் அடிக்கட்டும், உட்கார்” என்கிறோம். மறுபடி எழுந்தால் வகுப்பே சிரிக்கிறது. மூன்றாவது தடவை அது கேட்பதில்லை. அடக்கப் பழகிவிடுகிறது, பிறகு அடக்குவதே தெரியாமல் போகிறது. பெண் பிள்ளைகள் இன்னும் ஒருபடி மேலே போய், கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். மாலையில் தலைவலி என்பார்கள். தாகத்தையும் சிறுநீரையும் கேட்காதே என்று பன்னிரண்டு வருடம் பழக்கிவிட்டு, முப்பது வயதில் உன் தாடை இறுகுவதைக் கவனி என்றால் எங்கிருந்து கவனிப்பார்கள்? கேரளத்துப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிக்கவென்று தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள், இப்போது தமிழ்நாட்டிலும் அந்த வழக்கம் வந்திருக்கிறது. பாடம் நடத்தும் நேரம் போகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் அந்த மணியை வரவேற்கிறேன். அதோடு கழிவறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொன்னால் நடிக்கிறாள் என்று முடிவு செய்யாதீர்கள். கொட்டாவி விட்டால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். வெளியே போகணும் என்று கை தூக்கினால் காரணம் கேட்காமல் அனுப்பிவிடுங்கள்.